சந்தை நடுவே சந்நிதி

பெங்களூரு சிவாஜிநகரில், 1927-இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு அருகே புனித மரியன்னை பசிலிக்கா அமைந்துள்ளது. இன்று காணப்படும் கோத்திக் பாணிக் கட்டடம் 1882-இல் நிறைவுற்றது. ஒருபுறம் காய்கறி, கனி, பூ, இறைச்சி வியாபாரம். மறுபுறம் பேருந்து நிலையத்தின் இரைச்சல். இவற்றுக்கு நடுவே தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திருப்பலி நடைபெறுகிறது. ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றத்துடன் தொடங்கி, செப்டம்பர் 8 அன்று அன்னையின் பிறப்புப் பெருவிழாவாக நிறைவுறும் நாட்களில், காவி உடை அணிந்த பக்தர்கள் அங்கே பெருந்திரளாகக் கூடுகின்றனர்.

சந்தையிலிருந்து கோயிலுக்குள் நுழையச் சில நிமிடங்களே போதும். ஆனால் கால் நுழைந்த பின்னும் மனம் நுழைவதில்லை. கடன் தவணையும், பிள்ளையின் கல்விக் கட்டணமும், அலுவலகத்தில் கேட்ட கடுஞ்சொல்லும் உடன் வந்து அமர்ந்துகொள்கின்றன. செபத்தில் மனம் இவ்வாறு சிதறுவதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘பராக்கு’ என்பர். உலகக் கடமைகளை விட இயலாத ஒருவர், இந்தப் பராக்கின் நடுவே இறைநாட்டத்தை நிலைநிறுத்துவது எங்ஙனம்? சந்தையின் ஓசை ஓயும்வரை அவர் காத்திருக்க வேண்டுமா?

முட்செடிகளும் மார்த்தாவும்

விதைப்பவன் உவமையில் இயேசு இப்பிரச்சினையைத் தெளிவாக எடுத்துரைக்கிறார். முட்செடிகளிடையே விழுந்த விதை முளைக்காமற் போகவில்லை. முளைத்து வளரத்தான் செய்கிறது. ஆனால் உலகக் கவலை, செல்வ மயக்கம், பிற ஆசைகள் ஆகிய முட்கள் உடன் வளர்ந்து அதை நெருக்கிவிடுகின்றன. இங்கே கூறப்படுவது இறைவனை மறுத்தவரின் நிலையன்று. இறைவனுக்கு இடம் கொடுத்து, பின்னர் அந்த இடத்தைச் சிறிது சிறிதாக இழந்தவரின் நிலை. பக்தர் அஞ்ச வேண்டியது இதையே.

லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் வரும் மார்த்தாவின் நிகழ்ச்சியும் ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. மரியா இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்கிறாள். மார்த்தா விருந்தோம்பலில் அலைகிறாள். மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்கிறார் இயேசு. எனினும் மார்த்தாவின் உழைப்பை அவர் பழிக்கவில்லை. பலவற்றைப் பற்றிய அவளது கவலையையும் கலக்கத்தையுமே சுட்டிக்காட்டுகிறார். ஜெர்மானிய ஞானி எக்கார்ட் ஒருபடி மேலே சென்று, மார்த்தாவே முதிர்ந்தவள், மரியா இன்னும் கற்கும் நிலையில் இருப்பவள் என்று தமது பிரசங்கம் ஒன்றில் விளக்கினார். உள்ளே நிலைத்திருந்துகொண்டே வெளியே உழைப்பது முதிர்ச்சியின் அடையாளம் என்பது அவர் கருத்து.

மடத்துக்குள்ளும் பராக்கு

உலகை விட்டு விலகினால் பராக்கு நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். துறவியர் வரலாறு அவ்வாறு கூறவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ், துறவியைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களைத் தொகுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று சோர்வு. அதற்கு ஆட்பட்ட துறவி, உணவு வேளை வந்துவிட்டதா என்று சூரியனையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பான். பாலைவனத்தில் சந்தை இல்லை. ஆயினும் பராக்கு இருந்தது.

ஸ்பெயின் நாட்டின் அவிலா நகர்ப் புனித தெரசா (1515-1582) செபத்தின் பேராசிரியை எனப் போற்றப்படுபவர். 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவர். சில ஆண்டுகள், செப நேரம் எப்போது முடியும் என்று கடிகார ஓசைக்கே காத்திருந்ததாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவின்றி எழுதியுள்ளார். பிற்காலத்தில் அவர் கூறிய அறிவுரை எளியது: மாவு மில் கடகடவென்று ஓசையிட்டுக்கொண்டே இருக்கட்டும், நாம் நமது மாவை அரைப்போம். மனத்தின் ஓசையோடு சண்டையிடுவதும் ஒரு பராக்கே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

சமையலறைத் துறவி

இவ்வுண்மையைத் தம் வாழ்வில் மெய்ப்பித்தவர் சகோதரர் லாரன்ஸ். பிரான்சில் பிறந்து, போர்வீரராகிக் காயமுற்றவர். 1640-இல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். கல்வியால் உயர்ந்தவர் அல்லர். மடத்தின் சமையலறையில் ஏறக்குறைய 15 ஆண்டுகள் உழைத்தார். பின்னர் மிதியடி தைத்தார். சமையல் வேலை இயல்பாகவே அவருக்குப் பிடிக்காதது. எனினும் ஒவ்வொரு செயலையும் இறையன்பின் பொருட்டே செய்யப் பழகினார். செப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் தமக்கு வேறுபாடு இல்லை என்று சொல்லும் நிலையை எய்தினார்.

இது எளிதில் கிட்டியதன்று. தொடக்கத்தில் ஏறக்குறைய 10 ஆண்டுகள் அவர் உள்ளத் துன்பம் அனுபவித்தார். மறதி வந்தபோதெல்லாம் தம்மை நொந்துகொண்டிராமல், தம் இயலாமையை இறைவனிடமே ஒப்படைத்துவிட்டு மீண்டும் தொடங்கினார். 1691-இல் அவர் மறைந்த பின்னர், அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாகத் தொகுக்கப்பட்டன.

திரும்பும் கலை

ஜெனீவாவின் ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியார், இல்லறத்தார்க்காக 1609-இல் வெளியிட்ட நூலில் ஓர் அழகிய உவமை காட்டுகிறார். குழந்தை ஒரு கையால் தந்தையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் வேலியோரப் பழங்களைப் பறிக்கிறது. உலகச் செல்வத்தைச் சேர்க்கும்போதும் ஒரு கை வானகத் தந்தையைப் பற்றியிருக்க வேண்டும். அவர் முகத்தை அவ்வப்போது நிமிர்ந்து பார்க்க வேண்டும். தந்தையின் கையை விட்டுவிட்டு இரு கைகளாலும் பறிக்க முனைந்தால் குழந்தை விழும்.

மனம் எங்கெங்கு அலைகிறதோ அங்கிருந்தெல்லாம் அதை மீட்டுக் கொணர்க என்று பகவத் கீதையின் 6-ஆம் அத்தியாயமும் போதிக்கிறது. பயிற்சி ஒன்றே, எனினும் ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. கீதையின் அந்தச் சுலோகத்தில் மனம் ஆன்மாவின் வசத்தில் கொணரப்படுகிறது. கிறிஸ்தவ சாதகரோ தமக்காகக் காத்திருக்கும் தந்தையிடம் திரும்புகிறார். ஊதாரி மைந்தன் உவமையில், மகன் தொலைவில் வரும்போதே தந்தை ஓடிச் சென்று தழுவிக்கொள்கிறார். ஆகவே ஒரு மணி நேரச் செபத்தில் மனம் 50 முறை சிதறி 50 முறை திரும்பினால், அது 50 தோல்விகள் அன்று; 50 முறை வீடு திரும்பியதாகும்.

கெங்கேரி தரும் எச்சரிக்கை

இவ்விடத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘மனத்தளவில் நான் இறைவனோடு இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு, எதையும் விடாமல் வாழ்வது எளிது. இங்கிலாந்தின் பெனடிக்டின் துறவி பீட் கிரிஃபித்ஸ், 1955-இல் இந்தியா வந்து, அப்போது பெங்களூருக்கு வெளியே கிராமமாக இருந்த கெங்கேரியில் ஒரு மடம் அமைக்க முயன்றார். செபத்திற்கு அங்கே தடை ஏதுமில்லை. ஆனால் எளியதென்று தாம் கருதிய வாழ்க்கை, சுற்றிலும் வாழ்ந்த ஏழை மக்களின் வாழ்வினின்று வெகுதொலைவில் இருப்பதையும், மேனாட்டுப் பாணியிலேயே அமைந்திருப்பதையும் அவர் உணர்ந்தார். 1958-இல் கேரளத்தின் குரிசுமலைக்கும், 1968-இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியிலுள்ள சாந்திவனத்துக்கும் சென்று மேலும் எளிமையாக வாழ்ந்தார். அகத்தில் திரும்புதல் உண்மையானால், புறத்தில் ஏதேனும் ஒன்று குறைந்தே தீரும் என்பதற்கு இது சான்று.

அன்றாடப் பயிற்சி

காலை, நண்பகல், மாலை என மூவேளைச் செபத்துக்காகக் கோயில் மணி ஒலிப்பது திருச்சபையின் பழைய வழக்கம். கையிலுள்ள வேலையை ஒரு நிமிடம் நிறுத்தி இறைவனை நினைப்பதே அதன் நோக்கம். மணியோசை எட்டாத இடத்தில் பணிபுரிவோர், தங்கள் நாளில் அத்தகைய மூன்று இடங்களைத் தாங்களே குறித்துக்கொள்ளலாம்: வேலையைத் தொடங்கும் முன், உணவுக்கு முன், வீட்டு வாசலில் நுழையும் முன். இரவில், அன்று இறைவனின் கையை எங்கே விட்டோம், எது நம்மை இழுத்தது என்று சிறிது நேரம் ஆன்ம சோதனை செய்தல் நன்று. ஒரே முள் நாள்தோறும் இழுப்பதாகத் தெரிந்தால், செபத்தை மட்டும் நீட்டிப்பது போதாது. அந்த முள்ளையே களைதல் வேண்டும்.

சிவாஜிநகரின் சந்தை நாளையும் இரையும். அதன் நடுவே உழைப்பவர் அந்த ஓசை அடங்கக் காத்திருக்கத் தேவையில்லை. மனம் விலகிற்று என்று அறியும் அந்தக் கணமே திரும்புவதற்குரிய கணம்.