எடை இறங்காததற்கு நீங்கள் குற்றவாளி அல்ல



காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் வெள்ளரிக்காய், இரவு ஒரே ஒரு சப்பாத்தி. முதல் மாதம் மளமளவென்று இறங்கிய எடை இப்போது அசையவே மாட்டேன் என்கிறது, தலைமுடியும் கொட்டுகிறது, எனக்கு மனஉறுதி போதவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை வருத்தியது. இல்லை அம்மா, குறை அங்கே இல்லை.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பட்டினியில் வாடும் மக்களுக்கு இந்தச் சோதனை உதவட்டும் என்று தாமாகவே வந்தவர்கள் அவர்கள். மனஉறுதிக்கு என்ன குறை? ஆறு மாதம், நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மாக்கரோனி. வாரம் 22 மைல் நடை வேறு. உடல் எடையில் கால்பங்கு போயிற்று. சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியோ ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது. அந்தச் சரிவில் பெரும்பங்கு, உடல் சுருங்கியதால். மிச்சம், இருந்த திசுக்களே செலவைக் குறைத்துக்கொண்டதால். நாடித்துடிப்பு தளர்ந்தது. கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களை ஆசையாகப் படித்தார்கள்.

உங்களுக்கும் இதுதான் சிறிய அளவில் நடக்கிறது. முதலில் மளமளவென்று போனதில் ஒரு பகுதி நீர். பிறகு தைராய்டு சுரப்பின் வேகம் குறைகிறது, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கிப் பசி ஏறுகிறது, நாமறியாமலே நடமாட்டமும் குறைகிறது.

‘குறைவாகச் சாப்பிட்டால் எடையே குறையாது’ என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். அந்த இளைஞர்களுக்குக் குறைந்துகொண்டுதான் இருந்தது, வேகம்தான் மட்டுப்பட்டது. ஆனால் போகும் எடையில் தசையும் சேர்ந்து போகிறது; மறுபடி வயிறாரச் சாப்பிடத் தொடங்கும்போது கொழுப்புதான் முந்திக்கொண்டு திரும்புகிறது.

2016இல் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு, ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. உடல் எரிக்கும் சக்தி மட்டும், இருக்கவேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு.

ஆகவே இந்தக் கஞ்சி, வெள்ளரிக்காய் விரதத்தை விடுங்கள். வழக்கமான சாப்பாட்டில் நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். நடையோடு, வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். நாளுக்கு 800 கலோரிக்குக் கீழே போவது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே.

முடி கொட்டுவதை அலட்சியப்படுத்தாதீர்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போகிறதென்றால் அதையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.