பழைய பிக்கப் வண்டியில் பிரேக் குழாய்களைக் கண்டறிதல்

பெங்களூருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நந்தி மலையினின்று இறங்கும் பழைய பிக்கப் வண்டியின் பாதுகாப்பு, பென்சில் பருமனும் இல்லாத உருக்குக் குழாய்களைச் சார்ந்ததாகும். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியே பிரேக்கின் அடிப்படை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டபின் ஆய்வைத் தொடங்குக. பழைய ஜீப் வகை வண்டிகள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் கால்மிதிக்கருகே, தரைத்தகட்டின் அடியில் அமைந்திருக்கும். அதனின்று புறப்படும் குழாய், அடிச்சட்டத்தை ஒட்டி முன்னும் பின்னுமாகக் கிளைத்துச் செல்லும். சட்டத்தினின்று அச்சுக்குச் செல்லுமிடத்தில், அசைவுக்கு இடந்தரும் பொருட்டு ரப்பர் குழாய் பொருத்தப்பட்டிருக்கும். திரும்பும் முன்சக்கரங்களிலும் அவ்வாறே. பின்னச்சில் உருக்குக் குழாய் இரண்டாகப் பிரிந்து இரு சக்கரங்களையும் அடையும்.

குழாயைத் தாங்கும் கவ்விகளின் அடியிலும் சேறு தங்கும் மூலைகளிலும் துரு உள்ளதா எனவும், ரப்பரில் வெடிப்பு உள்ளதா எனவும் நோக்குக.

இத்தகைய பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனி அமைப்பு இல்லை. ஆதலின், ஓரிடத்துக் கசிவு நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் செயலற்றதாக்கிவிடும். குழாயில் எண்ணெய்க் கசிவு காணப்படின், செப்பனிடுமுன் வண்டியை ஓட்டலாகாது.