மடக்குக் கத்தி வாங்கும் முன் அலகைப் படிப்போம்



வங்கியில் இருந்த காலத்தில் எத்தனை ஆயிரம் நோட்டுக்கட்டு என் விரல் வழியாகப் போயிருக்கும் என்று கணக்கே இல்லை. இன்று அதே வலது ஆள்காட்டி விரலின் நுனியில் உணர்ச்சி கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் ஆடிக் காற்றில் சாய்ந்த வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கயிற்றில் விழுந்த முடிச்சை எடுக்க, சந்தையில் வாங்கிய மடக்குக் கத்தியின் முனையைக் குத்தி நெம்பினேன். அலகு சடாரென்று என் விரல் மேலேயே மடங்கியது. ஏழு தையல், ஒரு டி.டி. ஊசி, ஒரு மாதம் தோட்ட வேலை கிடையாது. கத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. நான்தான் அதைப் படிக்காமல் வாங்கினேன்.

இப்போது ஒரு புதுக் கத்திக்குக் காத்திருக்கிறேன். கடின வேலைக்கென்றே செய்யப்படும் மடக்குக் கத்தி, இன்னும் விற்பனைக்கு வரவில்லை. மகள் போனில் படமும் அளவுகளும் அனுப்பி, "அப்பா, முன்பதிவு செய்யட்டுமா?" என்று கேட்டாள். "இரும்மா, பேப்பரைப் படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். கடன் மனு வந்தால் முதலில் எதைப் பார்ப்போம்? மனுதாரரின் சட்டையை அல்ல, திருப்பிக் கட்டும் வழியை. கத்தியிலும் பளபளப்பை விட்டுவிட்டு வரிசையாக ஐந்தைப் பார்க்க வேண்டும்.

1. பூட்டு

மடக்குக் கத்தியில் பலவீனமான இடம் அலகு அல்ல, மூட்டு. கடின வேலையின் பாரமெல்லாம் அந்த ஒரு ஆணியில்தான் இறங்குகிறது. என் பழைய கத்தியில் அலகைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு வில் மட்டும்தான். அமுக்கினால் மடங்கிவிடும். பூட்டு உள்ள கத்தியில் நாமாக விடுவித்தால்தான் அலகு மடங்கும். பிடிக்குள் இருக்கும் தகடு நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுப்பது ஒரு வகை; இதை லைனர் லாக் என்பார்கள். பிடியின் முதுகில் அமுக்கி விடுவிப்பது இன்னொரு வகை. மூன்றாவது வளையப் பூட்டு. பிரான்சில் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு 1955இல் ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். அவ்வளவு எளிமை. இன்றும் உழவர்கள் பையில் இருக்கிறது.

2. வாய்

கடின வேலை என்றாலே தடிமனான அலகு வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். புதுக் கத்தியின் முதுகு 4 மி.மீ. என்று பார்த்ததும் சந்தோஷம். எங்கள் ஊர் ஆசாரியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதுகு கனமா இருந்து என்னங்க சார் பண்றது? வாய்க்குப் பின்னாடி எவ்வளவு இருக்குன்னு பாருங்க. அங்க கனமா இருந்தா அது அறுக்காதுங்க, பிளக்கும்."

அவர் சொன்னதுதான் பாடம். வாய்க்கு மேலே உடனே தடித்துப் போகிற அலகு பூசணிக்காயில் ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். முதுகிலிருந்து வாய் வரை சீராக மெலிந்து வரும் அலகே கயிறு, சாக்கு, சொட்டுநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் பொருந்தும். தீட்டும் சாய்வு சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 டிகிரி அளவில் இருக்கும். தோட்டத்துக்கு 20 முதல் 25 வரை வைத்தால் வாய் சீக்கிரம் மடங்காது, உதிராது.

3. முனை

கிளி மூக்கு மாதிரி உள்ளே வளைந்த முனை இழுத்து அறுக்க நல்லது. கதிர் அருவாளின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கவாத்துக்கும் கயிற்றுக்கும் ஏற்றது, ஆனால் தீட்டுவது சிரமம். ஊசி போன்ற முனை குத்தத்தான் ஆகும், நெம்பினால் ஒடியும். முதுகு மெதுவாக இறங்கி வாயோடு சேரும் முனை எல்லா வேலைக்கும் நடுவாந்தரம். வாய் நேராக இருந்து, முதுகு மட்டும் வளைந்து இறங்கும் மொண்ணை முனை, மாட்டின் கயிறை அறுக்கும்போது மாட்டைக் குத்தாது. வரப்போகும் கத்தி இந்தக் கடைசி வகை. மாடு வைத்திருக்கும் எனக்கு இது பிடித்தது.

4. எஃகு

கார்பன் எஃகு சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே நல்ல பதம் ஏறும். ஆனால் துருப்பிடிக்கும், வாழைப்பால் பட்டால் கறுக்கும். குரோமியம் 10.5 சதவீதத்துக்குக் குறையாத எஃகைத்தான் ஸ்டெயின்லெஸ் என்பார்கள். அது துருவைத் தாங்கும், ஆனால் துருவே பிடிக்காது என்று நம்பி ஈரத்தோடு மடக்கி வைக்காதீர்கள். எந்த எஃகானாலும் ஒரு வாழையிலிருந்து அடுத்த வாழைக்குப் போகும்முன் அலகைச் சுத்தம் செய்யுங்கள். பாக்டீரியா வாடல் நோய் கத்தி வழியாகவும் பரவும்.

5. பிடி

ஈரக்கையிலும் வழுக்காத பிடி, கை அலகின் மேல் ஏறாமல் தடுக்கும் ஒரு மேடு, உள்ளே போன சேற்றைக் கழுவ வசதியாகப் பின்புறத் திறப்பு, இந்த மூன்றும் வேண்டும். கழுவித் துடைத்து மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

கத்தி வந்ததும் செய்யப்போகும் சோதனையும் சொல்லிவிடுகிறேன். பூட்டிய அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பேன். ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு விரல்களை அலகு மடங்கும் பாதையில் வைக்காமல், முதுகை மரக்கட்டையில் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். பூட்டு நழுவினால் அன்றே திருப்பி அனுப்பிவிடுவேன். நழுவாவிட்டாலும் அதை வைத்து நெம்புவது, தேங்காய் மட்டை உரிப்பது, மேலே தட்டி விறகு பிளப்பது கிடையாது. அதற்குக் கடப்பாரையும் கொடுவாளும் இருக்கின்றன.

முன்பதிவு செய்யச் சொல்லி மகளுக்குப் போன் பண்ணும்போது, தோட்டத்தில் கூட இருக்கும் தம்பி கேட்டுக்கொண்டே நின்றான். பேசி முடித்ததும், "அப்ப பழைய கத்தி எனக்குங்களா சார்?" என்றான். ஆசையாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. என் விரலை அறுத்த கத்தியை, என்னைவிட நாலு மடங்கு வேலை செய்கிற கைக்குக் கொடுப்பதா?

அந்தக் கத்தியின் அலகைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்துவிட்டேன். கூடவே தம்பிக்கு ஒரு சிறு கத்தியும் சொல்லியிருக்கிறேன்: லாரிப் பட்டை எஃகு, நான்கு விரல் நீள அலகு, மொண்ணை முனை, வேங்கைப் பிடி, இடுப்பில் மாட்டத் தோல் உறை. மூட்டே இல்லாத கத்தி மடங்குவது எங்கே? செலவும் என் கத்தியில் நாலில் ஒரு பங்குகூட வராது. உண்மையில் கடின வேலைக்கு முதல் தேர்வு இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மடக்குக் கத்தியின் சௌகரியம், சட்டைப்பையில் அடங்குவது மட்டுமே.

இரண்டு கத்தியும் வரட்டும். ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் உங்கள் கத்தியை எடுத்து, பூட்டு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.