பாரமான தலை, மெல்லிய உடல்
பொய்யிரை கட்டும் கைத்தொழில்: ஒரு செய்முறைப் பாடம்

கடலோரத்தில் வாழும் நமது வாசகர்களுக்குப் பொய்யிரை புதிதல்ல. கோழியிறகையோ நைலோன் நாரையோ தூண்டில் முள்ளில் கட்டி, ஓடும் வள்ளத்தின் பின்னால் இழுத்து, அறுக்குளாவையும் பாரையையும் பிடிப்போர் நம் கரைகளில் இருக்கிறார்கள். இதே கைத்தொழிலின் மற்றொரு கிளை மேலைநாடுகளின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வளர்ந்தது. ஆங்கிலத்தில் அதனைப் 'பிளை' என்பர், அதாவது ஈ. தொடக்கத்தில் நீரின் மேல் விழும் ஈ, பூச்சி முதலியவற்றைப் போல இறகாலும் மயிராலும் கட்டப்பட்டதால் இப்பெயர் வந்தது. பின்னர் சிறு மீனைப் போலக் கட்டப்பட்டவற்றுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. இவ்வாறு நீளமாக, மீன்குஞ்சின் வடிவில் கட்டப்படுவதை 'ஸ்ட்ரீமர்' என அழைப்பர்.

பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டபோது, இந்த மீன்பிடி முறையும் மலைநாட்டுக்கு வந்தது. ஆனால் இன்று நமக்கு இதிலுள்ள அக்கறை வேறு. இவ்விரைகள் இன்றும் கையாலேயே கட்டப்படுகின்றன. ஆகவே இது கென்யா, தாய்லாந்து போன்ற நாடுகளிலும் நமது நாட்டிலும் ஏற்றுமதிக்கான கைத்தொழிலாக வளர்ந்தது. நமது யுவதிகளுக்கும் மாதர் சங்கங்களுக்கும் இது ஒரு வருமான வழியாகலாம். ஆனால் கை பழகினால் மட்டும் போதாது. எதற்காக இவ்வாறு கட்டுகிறோம் என்பதும் விளங்க வேண்டும். ஒரே ஓர் இரையை எடுத்து அதனை இப்பாடத்தில் விளக்குவோம்.

ஓர் ஆற்றில் பிறந்த இரை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவஹானா என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதன் கரையிலுள்ள மிடில்டவுன் என்ற ஊரில் பொப் கிளவுசர் என்பவர் மீன்பிடிப் பொருட்கள் விற்கும் கடை நடத்தியதோடு, ஆற்றில் மீன்பிடிக்க வருவோருக்கு வழிகாட்டியாகவும் இருந்தார். அந்த ஆற்றில் வாழும் பாஸ் என்னும் மீன் சிறு மீன்களை வேட்டையாடி உண்பது. சிறு மீன் எப்பொழுதும் அசைந்துகொண்டே இருக்கும். ஆபத்து வந்தால் தலைகீழாக அடித்தரையை நோக்கிப் பாயும். அக்காலத்துப் பொய்யிரைகளோ இழுப்பதை நிறுத்தியதும் நீரில் அப்படியே தொங்கி நின்றன.

1980களில் வொப்சி என்ற நிறுவனம் சிறிய உடற்பயிற்சிக் குண்டைப் போன்று, இரு பக்கமும் தடித்து நடுவில் ஒடுங்கிய ஈயக் கண்களைச் செய்தது. அவற்றைக் கிளவுசர் தமது இரையின் தலைப்பக்கத்தில் கட்டினார். 1987இல் அவர் உருவாக்கிய இரைக்கு, புகழ்பெற்ற மீன்பிடி எழுத்தாளரான லெப்டி கிரே 'கிளவுசர் டீப் மின்னோ' எனப் பெயரிட்டார். 'ஆழத்துக்குச் செல்லும் கிளவுசரின் சிறுமீன்' என்பது அதன் பொருள். ஆற்று மீனுக்காகக் கட்டப்பட்ட இவ்விரை பின்னர் கடல் மீன்களுக்கும் உலகெங்கும் பயன்படலாயிற்று. நமது களப்புகளிலும் வாழும் கொடுவாவை அவுஸ்திரேலியர் இதனைக் கொண்டு பிடிக்கின்றனர்.

மூன்று உண்மைகள்

முதலாவது, பாரம் முன்பக்கத்தில் இருக்கிறது. நூலை இழுக்கும்போது இரை முன்னோக்கி எழும். நிறுத்தியவுடன் தலை கீழாகச் சரியும். இழுத்து நிறுத்த, இழுத்து நிறுத்த, உயிருள்ள மீனைப் போல ஏறி இறங்கும்.

இரண்டாவது, கண்கள் முள்ளின் தண்டுக்கு மேற்பக்கத்தில், அதாவது முனை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கட்டப்படுகின்றன. பாரமான பக்கம் நீரில் கீழே திரும்புவதால் முனை மேல்நோக்கி நிற்கும். எனவே முள் கல்லிலும் பாசியிலும் சிக்குவது குறைகிறது.

மூன்றாவது, மயிர் மிகக் குறைவு. இதுவே பழகுவோர் பலரும் தவறவிடும் உண்மை. ஒரு நெத்தலியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அதன் உடலை ஊடுருவி ஒளி வரும். நீரிலுள்ள சிறு மீன் தடித்த பொருளாகத் தெரிவதில்லை. ஒரு கோடும், ஒரு மினுக்கமும், ஒரு கண்ணுமாகவே தெரிகிறது. மயிர் அதிகமானால் ஒளி ஊடுருவாது. அடர்ந்த மயிர் நீரை எதிர்த்து நிற்பதால் இரை விரைவாகத் தாழாது; கண்ணின் பாரம் வீணாகும். நீரை உறிஞ்சிக் கனத்து, வீசுவதற்கும் கடினமாகும். மயிர்கள் ஒன்றையொன்று நெருக்குவதால் அசைவும் இராது.

நம்மிடையே நிறைவாகக் கொடுப்பது நல்ல குணம். அளவுக்கு மேல் ஒரு பிடி சேர்த்துக் கொடுத்தால் வாங்குபவர் மகிழ்வார் என எண்ணுகிறோம். இந்த வேலையில் அந்த ஒரு பிடி இரையைக் கெடுத்துவிடும். இங்கே குறைவாக வைப்பது கஞ்சத்தனம் அல்ல. அதுவே வேலையின் தரம்.

தேவையான பொருட்கள்

1. 2 முதல் 6 வரையான எண் கொண்ட, நேரான துளையுள்ள தூண்டில் முள். எண் கூடக் கூட முள் சிறிதாகும். கடலுக்கானால் துருப்பிடிக்காத உருக்கு முள் வேண்டும்.
2. இரட்டைக் குண்டுக் கண். ஈயக் கண்கள் 1/24, 1/36, 1/50 அவுன்ஸ் நிறைகளில் வருகின்றன. இவை முறையே ஏறத்தாழ 1.2, 0.8, 0.6 கிராம். பித்தளைக் கண்ணே விரும்பத்தக்கது. காரணத்தைப் பின்னர் காண்போம்.
3. வெள்ளை மயிரும், மஞ்சட்பச்சை அல்லது கபில நிறச் சாயமிட்ட மயிரும். அமெரிக்காவில் வெள்ளைவால் மானின் வால்மயிரைப் பயன்படுத்துகின்றனர். நமது நாட்டு மான்கள் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றைத் தேடக்கூடாது. பழகுவதற்கு வெள்ளாட்டு மயிரோ பிரித்தெடுத்த நைலோன் கயிற்று நாரோ போதும்.
4. மினுங்கும் மெல்லிய பிளாஸ்ரிக் இழைகள் சில.
5. உறுதியான மெல்லிய நூல், பொபின், முள்ளைப் பிடிக்கும் சிறிய வைஸ், கூரிய கத்தரிக்கோல்.
6. சுப்பர் குளூ, நிறமற்ற கியூட்டெக்ஸ்.

கட்டும் முறை

1. முள்ளின் வளைவை வைஸில் இறுக்குங்கள். தண்டு கிடையாகவும் முனை கீழ்நோக்கியும் இருக்கட்டும். துளைக்குச் சற்றுப் பின்னாலிருந்து தண்டின் நடுவரை நூலை நெருக்கமாகச் சுற்றி ஒரு படுக்கை அமையுங்கள். வெறும் உருக்கின் மேல் கட்டினால் கண் வழுக்கும்.

2. துளையிலிருந்து தண்டின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு தள்ளி, தண்டின் மேல் கண்ணைக் குறுக்காக வையுங்கள். 8 என்ற இலக்கத்தின் வடிவில் மாறி மாறிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கள் சுற்றுங்கள். அதன்பின் கண்ணுக்குக் கீழும் தண்டுக்கு மேலுமாக, கிடையாகச் சில சுற்றுக்கள் சுற்றி இழுத்தால் முன்னைய சுற்றுக்கள் இறுகும். கண் சரிவின்றி நேராக நிற்பதை முன்னாலிருந்து பார்த்து உறுதிசெய்து, ஒரு துளி சுப்பர் குளூ விட்டுக் காயவிடுங்கள். கண்ணைத் துளைக்கு மிக அருகில் கட்டினால் முன்னால் மயிர் கட்ட இடம் இராது.

3. வெள்ளை மயிரில் ஒரு சிறு கற்றை வெட்டியெடுங்கள். விரல்களால் இறுக்கிப் பிடிக்கும்போது அது தீக்குச்சியின் பருமனைத் தாண்டக்கூடாது. அடியிலுள்ள பஞ்சு போன்ற மயிரையும் குட்டை மயிரையும் இழுத்து நீக்குங்கள். நுனிகளைத் தட்டிச் சமப்படுத்த வேண்டாம். ஏற்றத்தாழ்வான நுனிகளே மீனின் வாலைப் போல ஒடுங்கும். தண்டின் நீளம் 2 செ.மீ. எனில், கட்டிய மயிர் 5 முதல் 6 செ.மீ. வரை இருக்கலாம். மான்வால் கிடைத்தால் அதன் நடுப்பகுதிக்கு மேலுள்ள மயிரை எடுங்கள். அடிப்பகுதி மயிர் உள்ளே வெறுமையாக இருப்பதால் நூல் இறுகும்போது விரிந்துவிடும்.

4. நுனிகள் பின்னோக்கி இருக்க, கற்றையின் அடியைக் கண்ணுக்கு முன்னால் கட்டுங்கள். பின்னர் இரு குண்டுகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் வழியாகக் கற்றையைக் கொண்டுசென்று, கண்ணுக்குப் பின்னால் சில சுற்றுக்களால் கட்டுங்கள். நீரில் முள் திரும்பியதும் இந்த வெள்ளையே மீனின் வயிறாகும்.

5. நூலைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தபின் முள்ளைக் கழற்றி, முனை மேல்நோக்கி இருக்குமாறு திருப்பிப் பொருத்துங்கள். ஆறு முதல் எட்டு மினுக்க இழைகளைக் கண்ணுக்கு முன்னால் கட்டுங்கள். அவை மயிரைவிடச் சற்றே நீண்டிருக்கட்டும்.

6. அதன்மேல் நிற மயிரின் ஒரு கற்றை. பருமன் வெள்ளைக் கற்றையின் அளவே. இதனைக் கண்ணுக்கு முன்னால் மட்டும் கட்டுங்கள். பின்னால் கட்ட வேண்டாம். அப்பொழுதுதான் அது முள்முனையின் இரு மருங்கும் தவழ்ந்து முனையை மறைக்கும். நீரில் தடையின்றி அசையும். இது மீனின் முதுகு.

7. மயிரின் அடிகளைச் சரிவாக வெட்டி, நூலால் மூடி, சிறிய கூம்பு போன்ற தலையை அமையுங்கள். மூன்று நான்கு சுருக்குகள் இட்டு நூலை வெட்டி, கியூட்டெக்ஸ் இரண்டு தடவை பூசுங்கள். துளை அடைபடாதிருக்கட்டும்.

சோதித்துப் பார்த்தல்

இரையை நனைத்து யன்னலுக்கு நேரே பிடியுங்கள். மயிர் ஒன்றுசேர்ந்து மெல்லிய மீனின் வடிவம் தெரிய வேண்டும். அதனூடாக ஒளியும் வர வேண்டும். ஒளி வராவிட்டால் மயிர் கூடிவிட்டது. அடுத்து, ஒரு முழம் தங்கூசியில் கட்டி வாளித் தண்ணீரில் விடுங்கள். தலை முந்தி, முனை மேலாக இறங்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் கண் சரிந்துள்ளது. விரலால் கண்ணைத் திருகியும் பாருங்கள். அசைந்தால் முதல் மீனுக்கே கழன்றுவிடும்.

விற்பனைக்குக் கட்டுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாங்குபவர் அழகான ஒன்றைத் தேடுவதில்லை. ஒன்றைப் போல மற்றொன்று இருக்கும் ஒரு டசினையே கேட்கிறார். ஆகவே ஒவ்வொன்றாகக் கட்டி முடிக்காமல், முதலில் பன்னிரண்டு முள்ளிலும் கண்ணைக் கட்டிக் காயவிடுங்கள். அவை காய்வதற்குள் பன்னிரண்டு வெள்ளைக் கற்றைகளையும் பன்னிரண்டு நிறக் கற்றைகளையும் பிரித்து ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வையுங்கள். எந்தக் கற்றை தடித்தது என்பதைக் கட்டுவதற்கு முன்பே கண்ணால் காணலாம். மயிரும் வீணாகாது, நேரமும் மிச்சமாகும். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் ஒருவருக்கு, திருப்பி அனுப்பப்படும் ஒரு டசின் என்பது இழந்துபோன ஒரு பொழுதாகும்.

ஈயத்தைப் பற்றி எச்சரிக்கை

ஈயம் நஞ்சு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் ஈயத்துக்கு அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கர்ப்பிணித் தாயின் உடலிலிருந்து சிசுவுக்கும் செல்லும். பிரித்தானியாவில் ஈயத் துண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் இறந்ததால், தூண்டிலில் கட்டும் பெரும்பாலான சிறிய ஈய நிறைகளின் விற்பனை 1987இல் தடைசெய்யப்பட்டது.

ஈயக் கண்களை நாள் முழுவதும் தொடுபவரின் விரல்களிலும் நகங்களிலும் அதன் துகள் ஒட்டும். நாமோ கையால் உணவருந்துபவர்கள். ஆகவே வேலைமேசையில் தேநீரோ உணவோ வேண்டாம். எழுந்தவுடன் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கத்தை விட வேண்டும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கண்களைக் கொட்டி வைக்கக்கூடாது. வீட்டு அடுப்பில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பது இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. அந்தப் புகையும் தூசும் வீடு முழுவதும் படியும்.

மாற்று வழி உண்டு. ஒரே பருமனுள்ள நீரைவிட ஈயம் ஏறத்தாழ 11.3 மடங்கு பாரமானது. பித்தளை ஏறத்தாழ 8.5 மடங்கு. எனவே அதே அளவான பித்தளைக் கண் ஈயத்தின் முக்கால் பங்கு பாரமாவது இருக்கும். ஓரளவு பெரிய பித்தளைக் கண்ணைத் தெரிந்தால் குறை நீங்கும். தங்குதன் என்ற உலோகம் 19.3 மடங்கு பாரமானது. ஆனால் விலை அதிகம். மயிரைக் குறைவாகக் கட்டினால் இலேசான கண்ணே இரையைத் தாழ்த்தப் போதுமானதாகும் என்பதையும் இங்கே நினைவிற் கொள்வோம். குறைவான மயிர் மீனை ஏமாற்றுவதோடு, கட்டுபவரின் உடல்நலத்துக்கும் துணை செய்கிறது.

குழுவில் கலந்துரையாட

1. ஒரு தடித்த இரையையும் ஒரு மெல்லிய இரையையும் கட்டி, ஒரே வாளியில் ஒன்றாக விடுங்கள். எது முதலில் அடியைத் தொடுகிறது? அசைவில் என்ன வேறுபாட்டை அவதானிக்கிறீர்கள்?
2. நமது ஊரில் வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயம் எங்கே உருக்கப்படுகிறது? அருகில் பிள்ளைகள் இருக்கிறார்களா? இதுபற்றி யாருடன் பேச வேண்டும்?
3. வேலை தருபவர் ஈயக் கண்களையே தந்தால், பித்தளை கேட்கவும் கையுறை கேட்கவும் தனியொருவரால் முடியுமா? சங்கமாகக் கேட்டால் என்ன மாறும்?
4. 'கூடக் கொடுப்பதே நல்லது' என்ற எண்ணம் நமது வேறு எந்த வேலைகளில் தரத்தைக் கெடுக்கிறது? வயலிலிருந்தும் சமையலறையிலிருந்தும் ஒவ்வோர் உதாரணம் தருக.