கணிப்பொறிக்கு ஏற்ற பவர் சப்ளை

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். கணிப்பொறியின் உறுப்புகளுக்கோ 12, 5, 3.3 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டமே வேண்டும். அவ்வாறு மாற்றித் தருவதே எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளை.

சென்ற ஆண்டு இராமேசுவரத்தில் என் வீட்டுக் கணிப்பொறி திடீரென அணைந்து, இரவெல்லாம் எழுதிய ஆய்வேடு பாழாயிற்று. மலிவாக வாங்கிய பவர் சப்ளையின் மேல் '450 வாட்' என்றிருந்தது. பக்கவாட்டுச் சீட்டிலோ 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் மட்டுமே. பெருக்கினால் 180 வாட்! செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பெரிதும் நம்பியிருப்பது இந்த 12 வோல்ட்டைத்தான்.

எனவே அதன் ஆம்பியரைப் பார்த்து, தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குதல் நலம். '80 பிளஸ்' முத்திரை மின்சிக்கனத்தை மட்டுமே காட்டும். நம் கடற்கரையின் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்குமாதலால், பெட்டியைச் சன்னலோரம் வைக்கலாகாது. நான் செய்யத் தவறிய அந்தப் பெருக்கல் கணக்கை, நண்பர்களே, நீங்கள் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.