கொக்கோ மரத்தடியில் தொடங்குங்கள்

பிள்ளைகளுக்குச் சாக்லேட் எப்படி உருவாகிறது என்று காட்ட கொச்சிக்காரர்கள் எங்கோ தொலைவு போக வேண்டியதில்லை. இடப்பள்ளியில் வண்டியை எடுத்தால் மூன்று மணி நேரத்தில் கொக்கோ காய்க்கும் மலைக்குப் போய்விடலாம். ஆலுவா, பெரும்பாவூர், கோதமங்கலம் தாண்டி, 1935-இல் திறந்த நேரியமங்கலம் பாலத்தைக் கடந்ததும் ஹைரேஞ்ச் தொடங்கிவிடும். இந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் அடிமாலிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் தங்கி, அருகிலேயே இருந்த சிறிய சாக்லேட் கூடத்தையும் பார்த்து வந்தோம். கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை என்று ஐந்து பேர். அதே வழியில் போக நினைப்பவர்களுக்காக, அங்கே கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

மூணாறு சாலை நெடுக "ஹோம்மேட் சாக்லேட்" பலகைகள்தான். உள்ளே போனால் பல இடங்களில் ஆலையிலிருந்து வந்த கட்டியை உருக்கி, முந்திரியும் திராட்சையும் சேர்த்து அச்சில் ஊற்றுவதைத்தான் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கொட்டையிலிருந்து சாக்லேட் வரை எல்லா வேலையையும் தாங்களே செய்யும் கூடங்கள் குறைவு. ஆகவே கிளம்பும் முன் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கொட்டையை நீங்களே வறுத்து அரைக்கிறீர்களா?" ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, "தோட்டத்தையும் பார்க்க முடியுமா?" இரண்டுக்கும் ஆமாம் என்றவர்களிடம்தான் நாங்கள் போனோம். முதல் நாள் தோட்டம், மறுநாள் கூடம் என்ற வரிசையையும் மாற்றாதீர்கள். அச்சில் வார்த்த சாக்லேட்டை முதலில் பார்த்துவிட்ட குழந்தையை அப்புறம் மரத்தடிக்கு இழுத்துப் போவது கடினம்.

கொக்கோ மரம் பிள்ளைகளை ஏமாற்றாது. கிளை நுனியில் அல்ல, அடிமரத்திலேயே பூத்து அங்கேயே காய் தொங்கும். பூவோ சுண்டுவிரல் நகத்தை விடப் பெரிதில்லை. கொசுவிலும் சிறிய ஈ ஒன்றுதான் அதில் மகரந்தம் சேர்க்கிறது. பூ பிஞ்சாகி, காய் முற்ற ஐந்தாறு மாதம் ஆகும். எங்கள் மகன் மஞ்சளாகப் பழுத்த ஒன்றைத் திருகப் போனபோது தோட்டத்துச் சேச்சி ஓடி வந்து கையைப் பிடித்தார். "திருகக் கூடாது மோனே, அந்த இடத்தில்தான் அடுத்த பூ வரும்." காம்பைக் கத்தியால் நறுக்கத்தான் வேண்டும், பட்டை பிய்ந்தால் அந்தக் கணுவில் பிறகு பூ வராது. குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காயை உடைத்தால் முப்பது நாற்பது விதைகள், வெள்ளைச் சதை போர்த்தி நிற்கும். சதையைச் சப்பிச் சாப்பிடலாம். சீத்தாப்பழத்தில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்ததுபோல இனிப்பும் புளிப்பும். விதையை மட்டும் கடிக்கக் கூடாது. என் மகள் கடித்துவிட்டு முகம் சுளிக்க, சேச்சி சிரித்தார். அந்தக் கசப்புதான் சாக்லேட்டாகப் போகிறது என்று அவளுக்கு அங்கே நின்று சொன்னதை, எந்தப் புத்தகத்திலும் சொல்லியிருக்க முடியாது.

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு: புளிக்க வைக்கும் பெட்டி. தயவுசெய்து அங்கே அதிக நேரம் நில்லுங்கள். பச்சைக் கொட்டையைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலை போட்டு மூடி, ஐந்து முதல் ஏழு நாள் வைக்கிறார்கள். நடுநடுவே கிளறிவிட வேண்டும். சதை கரைந்து ஓடும், காடி வாசனை கிளம்பும், உள்ளே சூடு 45 டிகிரியைத் தாண்டும். மேலே கையைக் காட்டினாலே வெப்பம் தெரியும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும்தான் விதை செத்து, கசப்பு குறைந்து, சாக்லேட் மணத்துக்கான வித்து உள்ளே உருவாகிறது. இந்த வேலை சரியாக நடக்காத கொட்டையை எவ்வளவு நன்றாக வறுத்தாலும் மணம் வராது. பிறகு வெயிலில் காய வைத்து ஈரத்தை ஏழு விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ஏறத்தாழ மூன்று கிலோ பச்சைக் கொட்டை காய்ந்தால் ஒரு கிலோ. காய்ந்த ஒன்றைக் குறுக்கே நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள்: உள்ளே பழுப்பாக, பிளவு பிளவாக இருந்தால் நன்கு புளித்தது, சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தால் புளிக்கவில்லை.

பெட்டியருகே உட்கார்ந்துதான் விவசாயிகள் விலைக் கதையும் சொல்வார்கள். நம் மண்ணுக்குக் கொக்கோ புதிதல்ல; கிழக்கிந்தியக் கம்பெனி 1798-இலேயே குற்றாலத்தில் நட்டுப் பார்த்தது. கேரளத்தில் வணிகப் பயிராக வேர் பிடித்தது, 1965-இல் கேட்பரி நிறுவனம் வயநாட்டுச் சுண்டேலில் மாதிரித் தோட்டம் போட்ட பிறகுதான். எழுபதுகளில் தென்னைக்கும் பாக்குக்கும் இடையே ஊடுபயிராக ஊரெங்கும் நட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது வெட்டி எறிந்தவர்களும் உண்டு. அப்போது கொட்டையை வாங்க முன்வந்தது, கர்நாடக, கேரள விவசாயிகளுக்காக 1973-இல் தொடங்கிய காம்ப்கோ கூட்டுறவு. அவர்கள் 1986-இல் மங்களூரை அடுத்த புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே கட்டினார்கள். 2024-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குலைந்து உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியபோது, இடுக்கியில் காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனது. பிறகு இறங்கிவிட்டது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்ட பிறகு, அணிலும் மரநாயும் குடைந்துபோட்ட காய்களைச் சேச்சி ஏன் அத்தனை வருத்தத்தோடு பொறுக்கினார் என்று பிள்ளைகளுக்கே புரிந்தது.

மறுநாள் கூடம். வறுப்பதும், உடைத்துத் தோலை ஊதித் தள்ளுவதும் சீக்கிரம் முடிந்துவிடும். அரைக்கும் அறைக்குள் நுழைந்ததும் அத்தை நின்றுவிட்டார். "இது நம்ம கிரைண்டர்தானே?" உண்மைதான். கல் தொட்டியில் கல் உருளைகள் சுற்ற, மாவுக்குப் பதில் பளபளவென்று கொக்கோ குழம்பு ஓடிக்கொண்டிருந்தது. உலகெங்கும் சிறிய அளவில் சாக்லேட் செய்பவர்கள் இன்று வைத்திருக்கும் மெலாஞ்சர் என்னும் அரைக்கும் கருவிகளில் பெரும்பங்கு, இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டரைத் திருத்தி அமைத்தவை. இரண்டாயிரத்துக்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டிலேயே சாக்லேட் செய்ய முயன்றவர்கள் கோயம்புத்தூர் கிரைண்டரில் கொக்கோவை அரைத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து அது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் மாவுபோல அரை மணியில் முடியாது. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை இடைவிடாமல் ஓட வேண்டும். துகள் 25 மைக்ரானுக்கு மேல் இருந்தால் நாக்கு நறநறப்பைக் கண்டுபிடித்துவிடும். முதல் மணி நேரத்துக் குழம்பையும் இரண்டாம் நாள் குழம்பையும் தனித்தனி கரண்டியில் கேளுங்கள், தருவார்கள். இதைவிட நல்ல பாடம் அந்தக் கூடத்தில் இல்லை.

உள்ளே போகுமுன் சில விஷயங்கள். அன்று சென்ட் பூசாதீர்கள், மல்லிகை வைக்காதீர்கள். கொக்கோ வெண்ணெய் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். குழந்தைக்கு வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள், ஒரே மேசையில்தான் எல்லாம் வார்க்கிறார்கள். தோட்டத்து நாய்க்குப் பாசத்தில் ஒரு துண்டுகூடப் போட விடாதீர்கள்; கொக்கோவில் உள்ள தியோப்ரோமின் நாய்க்கு நஞ்சு. மலை வளைவில் இறங்கும்போது பிள்ளைகள் கையில் சாக்லேட் வேண்டாம்.

வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் அச்சாகியிருக்கும். கொக்கோ, கொக்கோ வெண்ணெய், சர்க்கரை என்று இருந்தால் நல்லது. ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு முன்வரிசையில் நின்றால் அது அசல் சாக்லேட் அல்ல, காம்பவுண்டு. பிள்ளைகள் ஆசைப்பட்டால் கொஞ்சம் வாங்கலாம், அதற்குச் சாக்லேட் விலை கொடுக்காதீர்கள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகும், கொச்சிக் கோடையில் காரின் உள்ளே அதைவிடச் சூடு. ஒரு ஐஸ்பெட்டி கட்டாயம். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மேலே வெள்ளை படர்ந்தால் பூஞ்சை என்று எறிய வேண்டாம். பெரும்பாலும் கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்து நிற்பதுதான், தின்னலாம்.

ஜூன் பிறந்தால் மழையில் கொட்டை காயாது, மலைப்பாதையில் மண் சரியும். ஏப்ரல் கடைசியிலோ மே முதல் பாதியிலோ போய்விடுங்கள். அது தவறினால், மழை விட்டு மறுபடி காய் பறிக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் போகலாம்.