வாடை திரும்பும் நாளில்: இலையுதிர்காலத் தாராக்களைப் பார்க்கவும் வேட்டையாடவும் போகிறவர்களுக்கு

செப்டம்பரில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க் கூரைகளுக்கு மேலாகக் கத்திக்கொண்டு போகும் கனடா வாத்துகளைக் கண்டதும், "குளிர் வந்துவிட்டது, தெற்கே போகின்றன" என்று சொல்லிவிடுகிறோம். அவற்றில் மிகப் பல இங்கேயே வாழும் வாத்துகள். ஒன்ராறியோ ஏரிக்கரையில் இரவு தங்கி, நகருக்கு வடக்கேயுள்ள வயல்களில் மேய்ந்து திரும்புகின்றன. ஹட்சன் விரிகுடா, ஜேம்ஸ் விரிகுடாத் தாழ்நிலங்களிலிருந்து உண்மையான பயணிகள் வந்து சேர்வது செப்டம்பர் கடைசிக்குப் பிறகுதான். பகல் குறுகுவது அவற்றைப் பயணத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. எந்த இரவில் கிளம்புவது என்பதைக் காற்றும், எத்தனை நாள் தங்குவது என்பதைத் தண்ணீரும் தானியமும் முடிவு செய்கின்றன. கமராவோடு போனாலும் துவக்கோடு போனாலும் காற்று, தண்ணீர், தானியம் ஆகிய மூன்றையும் அறிந்து போவதே அந்தப் பறவைகளுக்கு நாம் காட்டும் முதல் மரியாதை.

செய்ய வேண்டியவை

1. நாட்காட்டியை விடக் காற்றை நம்புங்கள். குளிர்முகம் ஒன்று கடந்து, காற்று வடக்குக்கோ வடமேற்குக்கோ திரும்பி, அமுக்கம் ஏறி, வானம் வெளிக்கும் இரவில் பறவைகள் திரளாகக் கிளம்பும். பின்னாலிருந்து தள்ளும் காற்று அவற்றின் உடற்கொழுப்பை மிச்சப்படுத்துகிறது. மறுநாள் விடியலில் ஏரிக்கரைக்குப் போனால் நேற்று இல்லாத கூட்டத்தைக் காணலாம். மன்னார் வங்காலையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊசிவால் தாராக்கள் வாடைக்காற்றுக் காலத்தில்தான் அங்கே வந்திறங்கும். ஆனால் எல்லா இனமும் குளிருக்குக் காத்திருப்பதில்லை. நீலச்சிறகுச் சிறுதாரா ஓகஸ்ட் கடைசியிலேயே புறப்படத் தொடங்கிவிடும். மலார்ட் தாரா தண்ணீர் உறையும்வரை நின்று பார்க்கும்.

2. வயலில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். தெற்கு ஒன்ராறியோவில் சோளம், சோயா, குளிர்காலக் கோதுமை ஆகியவையே பெரும் பயிர்கள். அறுவடை இயந்திரம் போன தடத்தில் சிந்திக் கிடக்கும் சோளம் மாச்சத்து நிறைந்தது. நெடும்பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க உகந்தது. சோயா ஈரம் பட்டால் விரைவில் அழுகிவிடும். தாராக்களுக்கு அது அவ்வளவு நல்ல தீனியும் அல்ல. கோதுமை முளைத்த வயலில் வாத்துகள் புல் மேய்வதுபோல் மேயும். ஒக்டோபர் மழை ஓயாவிட்டால் இயந்திரம் வயலுக்குள் இறங்க முடியாது. சோளம் நின்றபடியே இருக்கும், தீனி பிந்தும். வறண்ட ஆண்டில் அறுவடை முந்தும். அதோடு உழுதும் விட்டால் மணிகள் மண்ணுக்குள் போய்விடும். ஆகவே கமக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: எப்போது வெட்டினீர்கள்? உழுதுவிட்டீர்களா?

3. உறைபனியையும் பனிப்பொழிவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒன்ராறியோவின் லோங் பொயின்ற் நீர்ப்பறவை ஆய்வாளர்கள், மலார்ட் தாராக்கள் எப்போது தெற்கே நகரும் என்று கணிக்க நான்கு அளவுகளை ஒன்றாகப் பார்த்தார்கள்: அன்றைய வெப்பநிலை, தொடர்ந்து உறைநிலைக்குக் கீழே இருந்த நாட்கள், பனியின் ஆழம், பனி மூடிக் கிடந்த நாட்கள். ஒரு நாள் குளிர் அவற்றை விரட்டுவதில்லை. குட்டைகள் உறைந்து, சிந்திய தானியத்தைப் பனி நாட்கணக்கில் மூடினால்தான் கிளம்பும்.

4. பெரிய ஏரியை மறவாதீர்கள். ஒன்ராறியோ ஏரி முழுதாக உறைவது மிக அரிது. அதனால் நீள்வால் தாரா, பொன்கண் தாரா போன்ற வடதிசைப் பறவைகள் மாரி முழுவதும் ஸ்காபரோக் கரையில் தங்குகின்றன. அவற்றுக்கு நம் ஊரே தெற்கு. பிரிம்லி வீதியின் தென்கோடியில் இருக்கும் புளஃபர்ஸ் பார்க்கில் நின்றாலே பார்க்கலாம்.

5. வேட்டைக்குப் போவதானால் பத்திரங்களை முதலில் சரிசெய்யுங்கள். துவக்கு வைத்திருக்கும் உரிமம், வேட்டைப் பயிற்சி, ஒன்ராறியோவின் அவுட்டோர்ஸ் கார்ட், சிறுவிலங்கு வேட்டை உரிமம், இவற்றோடு வலசைப் பறவைகளுக்கான மத்திய அரசின் அனுமதிச்சீட்டும் முத்திரையும் வேண்டும். பருவத் திகதிகளையும் ஒருநாள் உச்ச எண்ணிக்கையையும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பாருங்கள். வயலுக்குள் கால் வைக்க முன் உரிமையாளரின் சம்மதம் பெறுங்கள்.

6. இனம் தெரிந்த பிறகே குறி வையுங்கள். பனிவாத்தும் வெள்ளை, அன்னமும் வெள்ளை. பனிவாத்துக்குச் சிறகு நுனி கறுப்பு. அன்னம் மிகப் பெரியது, கழுத்து நீண்டது, இளம் அன்னம் சாம்பல் நிறம். ஒன்ராறியோவில் அன்னத்தைச் சுட அனுமதி இல்லை. இங்கே அற்றுப்போயிருந்த எக்காள அன்னத்தை மீட்கும் வேலையை ஹரி லம்ஸ்டன் 1982இல் தொடங்கினார். பல ஆண்டு உழைப்பில் திரும்பி வந்த பறவை அது.

7. வேட்டையாடியதைச் சாப்பிடுங்கள். உண்ணத்தக்க இறைச்சியை எறிந்துவிட்டு வருவது 2022ஆம் ஆண்டின் வலசைப் பறவை விதிகளின்படி குற்றம். சன்னங்களைத் தேடி எடுத்துவிட்டுச் சமையுங்கள். உட்சூடு துண்டுகளுக்கு 74 பாகை செல்சியஸ், முழுப் பறவைக்கு 82 பாகை வரவேண்டும்.

8. வழி தவறி இறங்கிய பறவைக்கு உதவுங்கள். மழை இரவில் கார் நிறுத்துமிடத்தின் ஈரத் தார் மேலிருந்து பார்க்கும்போது குளம்போலத் தெரியும். முக்குளிப்பான்கள் அதை நம்பி இறங்கிவிடுவதுண்டு. தரையிலிருந்து அவற்றால் மேலெழும்ப முடியாது. கெனடி வீதிக் கடைத்தொகுதி ஒன்றில் அப்படியொன்றைக் கண்டால், பக்கத்தில் போகாமல் நின்று, ரொறன்ரோ வனவிலங்கு மையத்திடம் கேட்டு அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

1. நகருக்குள் வேட்டை என்ற நினைப்பே வேண்டாம். டோர்செட் பார்க் ஊடாக ஓடும் ஹைலாண்ட் கிறீக்கின் கிளையிலும் சரி, ஏரிக்கரைப் பூங்காக்களிலும் சரி, துவக்குக்கு இடமில்லை. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குள் சோள வயல்கள் இருக்கின்றன; அங்கும் வேட்டை தடை.

2. ஈயச் சன்னம் பயன்படுத்தாதீர்கள். நீர்ப்பறவை வேட்டையில் 1999 முதல் கனடா முழுவதும் அது தடை. சேற்றில் விழும் ஈயத்தைப் பறவைகள் சிறுகல்லென்று விழுங்கி, நஞ்சேறிச் சாகும். துவக்கில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளவும் கூடாது.

3. தானியம் கொட்டிப் பறவைகளை வரவழைக்காதீர்கள். இரை போட்ட இடத்திலிருந்து 400 மீற்றருக்குள் வேட்டையாடக்கூடாது. அங்கே வேட்டையாட, இரை முற்றாக நீங்கி 7 நாட்களாவது கழிந்திருக்க வேண்டும். வழக்கமான அறுவடையில் சிந்தியதும், வெட்டாமல் நிற்கும் பயிரும் இரை ஆகா. கமத்தின் இயல்பான மிச்சத்துக்கும் நாம் விரிக்கும் பொறிக்கும் சட்டம் கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோடு நியாயமானது.

4. பாண் போடாதீர்கள். பிள்ளைகளின் ஆசை புரிகிறது. ஆனால் வலசைக்குக் கொழுப்பும் புரதமும் தேடும் பறவையின் வயிற்றைப் பாண் வெறுமனே நிரப்புகிறது. ஒரே இடத்தில் நெருங்கிக் கூடுவதால் நோயும் பரவும். ரொறன்ரோவின் விதிகளும் பூங்காக்களில் காட்டுயிர்களுக்குத் தீனி போடுவதைத் தடுக்கின்றன.

5. காட்டுத் தாராவை விலைக்கு வாங்காதீர்கள், விற்காதீர்கள். நண்பர் வேட்டையாடியதை அன்பளிப்பாகப் பெறலாம். அவருடைய பெயர், அனுமதி எண், திகதி உள்ள குறிப்பையும் கேட்டு வாங்குங்கள்.

6. இளைப்பாறும் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். புயலுக்கு ஒதுங்கிய பறவை எழும்பிப் பறக்கும் ஒவ்வொரு முறையும் வயலில் நாள் முழுக்கச் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் எரிகிறது. நாயைக் கயிற்றில் பிடியுங்கள். படத்துக்காகக் கிட்டப் போகாதீர்கள்.

7. செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். எச்5என்1 பறவைக்காய்ச்சல் 2021 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தில் கண்டறியப்பட்டது முதல் கனடாவெங்கும் பரவியிருக்கிறது.

8. மூடுபனியிலும் பலத்த காற்றிலும் சிறு படகில் இறங்காதீர்கள். தாராக்கள் கரையோரம் ஒதுங்கும் அதே காற்றுத்தான் படகையும் கவிழ்க்கும். நவம்பர்த் தண்ணீரில் கையும் காலும் சில நிமிடங்களில் செயலிழக்கும். உயிர்காப்பு அங்கியை உடலில் அணிந்திருங்கள்; படகுக்குள் கிடப்பதால் பயனில்லை.

1916இல் கனடாவுக்காகப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் வலசைப் பறவைகள் குறித்து உடன்படிக்கை செய்தபோது, கட்டுப்பாடற்ற வேட்டை ஏற்கெனவே பல இனங்களைக் குறைத்திருந்தது. இன்று பருவமும் எண்ணிக்கையும் அளந்து தரப்படுவதால்தான் வேட்டை என்பதே மிஞ்சியிருக்கிறது. மழை பிந்தி அறுவடை தள்ளிப்போன ஆண்டிலும், பனி முந்தி வயல் மூடிய ஆண்டிலும் பறவைகளின் உடலில் இருப்புக் குறைவாகவே இருக்கும். அப்படிப்பட்ட ஆண்டில், சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்கும் குறைவாகவே சுட்டுத் திரும்புங்கள். அந்த முடிவை எந்த விதியும் உங்களுக்காக எடுக்காது. காற்றையும் வயலையும் பார்க்கக் கற்றவர்களே எடுக்க வேண்டும்.